ரீகோ இன்னும் இருக்கிறதா?

அன்று கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டாலும் பிறகு எனக்குத் தூக்கம் வராது. கடைக்குச் சொந்தக்காரரான பத்மா அக்கா. யசோதரா. கம்ப்யூட்டர் சேர்த்துத் தரும் அன்வர் பாய். நான். மழைக்கு ஒதுங்கி எங்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்ற, பெயர் தெரியாத கன்னடக்காரப் பெரியவர் ஒருவர். தொலைபேசியின் அந்தப் பக்கம், ஹங்கேரி நாட்டில், யானோஷ். அவ்வளவுதான்.

எங்கள் கடைக்கு வந்துபோகும் கார்த்தியும் இருந்ததாகப் பிற்பாடு அவனே சிலரிடம் சொல்லியிருக்கிறான். அவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு ஆபீஸ்.

மத்தியான நேரம். பெங்களூர் ஆஸ்டின் டவுன் முழுக்க மழை ஒரே சீராக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். ஈர மண்ணும் கிராம்பும் கலந்த வாசனையில் தெருவே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

வழக்கமாக ஆட்கள் நின்று ஊருக்குப் போன் பேசும் கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு ஸ்டூலின் மேல், கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் யசோதரா. மடியில் கீபோர்டு. எங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்திருந்தது.

"மானிட்டர் வைக்க எடமில்லியே," என்றேன் நான் பதறிப்போய்.

"மானிட்டர் எதுக்கு? யாருக்குக் காட்டப் போறே?" என்றாள் யசோதரா.

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. பழகப் பழக எனக்கு அது அடிக்கடி மறந்துபோகும். அன்வர் பாய் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கடித்தபடியே சிரித்தார்.

பூட்டை இழுத்துப் பார்க்கிறவன்

பீன்யாவில் எனக்கு வேலை போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். லேத் பட்டறையில் ஹெல்பர். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப் வரை வந்துவிடுவேன். மெயின் ஸ்விட்சை அணைத்தோமா? திரும்பிப் போவேன். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி பஸ் ஸ்டாப். மறுபடி சந்தேகம். என்னால் வீட்டுக்குப் போக முடியாமல் தவித்த சூப்பர்வைசர், கடைசியில் என்னையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதைப் படித்த வாசகர் ஒருவர், "தம்பி, இதற்கு நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். நன்றி ஐயா. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதும் இப்போது என் கவலைகளில் ஒன்று.

ஒன்பதாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அடுத்த வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தவர் என்பதால் பத்மா அக்கா தன் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார வைத்தார். பேசுகிறவர்களுக்கு ரசீது கிழித்துத் தருவது, கூண்டைத் துடைப்பது, சாத்தும்போது ஷட்டரைப் பூட்டுவது. பிறகு அதே கடையில் பிளைவுட் தடுப்பு அடித்து, சில கம்ப்யூட்டர்களைப் போட்டு, பிரௌசிங் சென்டர் என்று பலகையில் ஒரு வரி சேர்த்தார். நானும் அதோடு சேர்ந்து ஒரு வரி வளர்ந்தேன்.

கார்த்தி நாமக்கல் பக்கத்துப் பையன். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாரம் ஒரு தடவை அம்மாவிடம் போனில் பேச வருவான். ஒரு நாள் கடைசி ஆளாகப் பேசிவிட்டு வெளியே நின்று, நான் ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, பூட்டிட்டீங்கல்ல?"

"பூட்டிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இழுக்கறீங்க?"

"பூட்டியிருக்கான்னு பாக்கத்தான்."

நான் மறுபடியும் இழுத்தேன். தொலைந்துபோன பொருள் கிடைத்த மாதிரி அவன் முகம் மலர்ந்தது. "அண்ணா, உங்களுக்குன்னே ஒரு வேலை இருக்குதுங். சம்பளம் மட்டும் கிடையாது."

கடல் இல்லாத ஊரில் அலை நேரம்

அந்த வேலை ஒரு பட்டியலைப் பார்த்துக்கொள்வது. இணையத்தில் இருந்த பட்டியல். உலகத்தில் யார் யாரோ எழுதி, எல்லாருக்கும் என்று விட்டுவைத்த மென்பொருள்கள் அதில் இருந்தன. எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இப்படி எழுதியவரே உரிமம் கொடுத்திருந்தால்தான் பட்டியலில் இடம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பெயர், என்ன செய்யும், எத்தனையாவது பதிப்பு, என்ன உரிமம், எழுதியவரின் மின்னஞ்சல், எங்கே கிடைக்கும். கடைசியில் 'சரிபார்த்த நாள்' என்று ஒரு வரி. கார்த்தியைப் போல ஊர் ஊராகச் சிலர் இதை இங்கிலீஷ் எழுத்து வாரியாகப் பிரித்துக்கொண்டு சும்மா செய்தார்கள். அவன் பங்குக்கு வந்த எழுத்துகளில் பாதியை என்னிடம் தள்ளிவிட்டான்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். போய்ப் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு வந்திருக்கிறதா? கொடுத்த இடத்தில் மென்பொருள் இருக்கிறதா, வழி அடைத்துக்கொண்டதா? உரிமத்தை மாற்றிவிட்டார்களா? பார்த்து, திருத்தி, தேதி போட வேண்டும். பிறகு கொஞ்ச நாள் கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

பீன்யாவில் என்னைத் துரத்திய புத்தி, இங்கே ஒரு தகுதியாகிவிட்டது.

இங்கிலீஷுக்கு ஒரு டிக்ஷனரி வைத்துக்கொண்டேன். மோடம் கீச்சிட்டு, இருமி, ஒரு வழியாகப் பிடித்த பிறகு பக்கங்கள் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கும். அந்தக் காத்திருப்பில் நான் எங்கெங்கோ போய்விடுவேன். தேனீப் பெட்டிகளைக் கணக்கு வைக்க ஒருவர் மென்பொருள் எழுதியிருந்தார். ஸ்வெட்டருக்குப் பூப்போட ஒன்று. ஏதோ ஒரு துறைமுகத்தில் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல ஒன்று. கடலே இல்லாத இந்த ஊரில், பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, அந்த அலை நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் காலடியில் தண்ணீர் வந்து போகிற மாதிரிகூட இருக்கும்.

சில பக்கங்களை எழுதியவர் வருடக்கணக்காகத் தொட்டிருக்க மாட்டார். ஆள் இல்லாத வீட்டில் விளக்கு மட்டும் எரிகிற மாதிரி அந்தப் பக்கம் இருக்கும். அவருக்கு என்ன ஆயிற்று? கல்யாணமா? உடம்புக்கு ஏதாவதா?

"யாரோ பெத்த புள்ளைங்களுக்கு இங்கேர்ந்து நீ கவலைப்படறே," என்பார் பத்மா அக்கா. "உங்கம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினியா?"

வாங்கியிருக்க மாட்டேன். எழுந்து ஓடுவேன்.

இரண்டு குரல்காரி

யசோதராவின் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பௌத்தர். மகளுக்குப் புத்தரின் மனைவி பெயரை வைத்தார். சுரங்க வேலை நின்ற பிறகு குடும்பம் ஆஸ்டின் டவுனுக்கு வந்தது.

அவள் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காண்டிராக்ட் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ் எங்கள் முனையில் இறக்கிவிடும். தம்பி வந்து கூட்டிப்போகும் வரைக்கும் கடையில் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு இரண்டு குரல். ஒன்று எங்களோடு சண்டை போடுவது. இன்னொன்று கம்பெனிக் குரல். ஒரு தடவை விளையாட்டாகப் பேசிக் காட்டினாள். பெரிய ஓட்டலின் கதவு சத்தமில்லாமல் திறந்து, உள்ளேயிருந்து ஏசிக் காற்று முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

கம்பெனியின் எக்ஸ்டென்ஷன் நம்பர்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் கம்பெனி பெரிதானது. வாரத்துக்கு ஒரு தடவை ஆட்கள் இடம் மாறினார்கள். நம்பர் லிஸ்ட் கம்ப்யூட்டருக்குள் போய், தினம் தினம் மாறத் தொடங்கியது. இன்சார்ஜ் அவளைக் கூப்பிட்டார். தசரா முடிந்ததும் ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் லைன் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். முடியவில்லை என்றால் வேறு ஆள்.

"மரியாதையாத்தான் சொன்னாரு," என்றாள் யசோதரா. "டீ கூட வாங்கிக் குடுத்தாரு. டீ வாங்கிக் குடுக்கும்போதே எனக்குப் புரிஞ்சிடுச்சி."

அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

கார்த்தி பட்டியலில் தேடினான். என் பங்கில் இருந்த எழுத்திலேயே கிடைத்தது. ரீகோ. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். எழுதியவர் யானோஷ். ரீகோ என்பது அவர்கள் ஊரில் பாடுகிற ஒரு கறுப்புப் பறவையாம்.

கடையின் மூலைக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றினோம். மூக்கடைத்துக்கொண்ட ஒருவர் ரயில் நேரம் அறிவிக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. யசோதரா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரு இவன்? எங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மாதிரியே பேசறான்," என்றாள். பிறகு தினமும் சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பழகினாள்.

இன்சார்ஜ் அனுமதி கொடுத்து, கார்த்தி போய்க் கம்பெனிக் கம்ப்யூட்டரிலும் ரீகோவை ஏற்றினான். அங்கேதான் வினை. எண்களின் கடைசி இலக்கத்தை ரீகோ முழுங்கியது. நாலு, ஒன்று, பிறகு ஒரு விக்கல்.

"கடைசி நம்பர முழுங்கிட்டா நான் யாருக்குன்னு லைன் போடறது? எம்.டி.க்கு வர்ற போனு கேன்டீனுக்குப் போவும். அவரும் இட்லி சொல்லிட்டு வெச்சிடுவாரு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த கம்பை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டிருந்தாள்.

அன்வர் பாய் எஸ்.பி. ரோட்டில் தேடி, கம்பெனிக் கம்ப்யூட்டரில் சத்தம் வரவைக்கும் அதே போர்டை வாங்கிவந்து எங்கள் கடையில் ஒரு பெட்டியைச் சேர்த்தார். அதிலும் அதே விக்கல். குறை போர்டும் ரீகோவும் சேருகிற இடத்தில் என்று தெரிந்தது. கார்த்தி ரீகோவைத் திறந்து பார்த்தான். உள்ளே எழுதியிருந்த குறிப்புகள் அத்தனையும் ஹங்கேரிய மொழியில். மூடிவிட்டான்.

எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். பட்டியலில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் போட்டோம். பதில் இல்லை. மறுபடி போட்டோம். அஞ்சல் திரும்பி வரவும் இல்லை.

காலையில் ஒரு தடவை

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஆள் பேசவில்லை. நாளைக்கு அந்தப் பக்கமும் காணாமல் போனால்?

பட்டியலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பதில் சொல்லாமல், புதுப் பதிப்பும் வராமல் ரொம்ப நாள் கிடந்தால், 'கைவிடப்பட்டது' என்று குறித்து ஓரமாக வைத்துவிட வேண்டும். எங்களை மேற்பார்த்த வெளிநாட்டு அம்மாள் ரீகோ விஷயமாக எனக்குத் தன்மையாக நினைவூட்டியிருந்தார். எனக்குக் கை வரவில்லை. யசோதரா மூலையில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போது, கைவிடப்பட்டது என்று நான் எப்படித் தட்டுவது?

ஆகவே தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி கொளுத்தியதும் முதல் காரியமாக ரீகோவின் பக்கத்தைத் திறப்பேன். அதில் ஒரு படம் உண்டு. முதலில் வெளிர் வானம் இறங்கும். பிறகு ஒரு கிளை. பிறகு மஞ்சள் அலகு. கடைசியில் கறுப்பு உடம்பு. முழுப் பறவையும் வந்து உட்காரும் வரை பார்த்துவிட்டு மூடுவேன். இருக்கிறது. இன்றைக்கு இருக்கிறது.

ஒன்றையும் எடுப்பதில்லை. படிப்பதில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றும் போய்ப் பார்ப்பேன்.

மழைக்காலம் வந்தது. தசரா நெருங்கியது. ஒரு நாள் தெரியாத முகவரியிலிருந்து பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். எழுதியது யானோஷ்.

ரீகோவின் பக்கத்தை இந்த மாதக் கடைசியில் மூடப்போகிறேன், பதிவை நீக்கிவிடுங்கள் என்று தொடங்கியிருந்தார். பல்கலைக்கழகத்தை விட்டு வந்து நாளாகிறது, பழைய முகவரியை யாரும் பார்ப்பதில்லை, இப்போது வேறு ஊர், வேறு வேலை. பக்கத்துக்கான வாடகை தன் கையிலிருந்து போகிறது. பிறகு இப்படி எழுதியிருந்தார்:

"எப்போதோ மூடியிருப்பேன். பக்கத்துக்கு யார் வருகிறார்கள் என்ற கணக்கை அவ்வப்போது பார்ப்பேன். யாரும் வருவதில்லை, ஒருவரைத் தவிர. பெங்களூரிலிருந்து ஒருவர் தினமும் வருகிறார். அப்போது எங்கள் ஊரில் விடிந்திருக்காது. ரீகோ இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் தொடங்காது போலிருக்கிறது. அவருக்காகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன். அவர் யாரென்று தெரிந்தால், என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்."

திரும்பவும் படித்தேன். எனக்குக் காது அடைத்துப்போனது. அவருடைய பறவை இருக்கிறதா என்று நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்தேனா என்று அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இருட்டில், குளிர் நாட்டில், ஏதோ ஒரு மேஜை மேல் நான் தினமும் ஒரு வரியாகப் போய் விழுந்திருக்கிறேன். தெருவில் ஆட்டோ போகிற சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்டது.

பிறகு வழக்கம்போல் கவலை வந்தது. அவர் நினைக்கிற ஆள் நான் இல்லையே.

யோசனைகள்

"ஆமாங்க, அது நான்தான், உங்க பறவை இல்லன்னா செத்தே போயிருவேன்னு எழுதிப் போடு," என்றார் பத்மா அக்கா. "ஹங்கேரிலேர்ந்து யாரு கெளம்பி வந்து பாக்கப் போறா?"

"பொய்யாச்சே அக்கா."

"உன் கவலைங்களுக்கு நடுவுல பொய் ஒண்ணுதான் கொறச்சல்."

"உண்மையச் சொன்னா, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறவனுக்கா நான் வாடகை கட்டினேன்னு கோச்சிக்கினு அப்பவே மூடிட்டார்னா?"

"அரே சேகர் பாய், டென்ஷன் நக்கோ, கவலய வுடு," என்றார் அன்வர் பாய். "ஆளு கெடச்சிட்டார்ல? அத்த சொல்லு."

யசோதரா மூலையில் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "சேகரு, நீ ஒண்ணும் எழுதாத. நீ எழுதினா அதைத் திருத்தி, திருத்தினத திருத்தி, அதுக்குள்ள தசரா முடிஞ்சி எனக்கும் முடிஞ்சிடும். அவர் போன் நம்பர மட்டும் வாங்கு. நான் பேசிக்கிறேன். வேற என்னத்துக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

நம்பர் வந்தது. ஞாயிறு காலை வீட்டில் இருப்பேன் என்று யானோஷ் எழுதியிருந்தார். அவருக்குக் காலை என்றால் நமக்கு மத்தியானம்.

ரீகோவின் விக்கலைப் பதிவு செய்து மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தோம். அவர் பெட்டியில் இடமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. போனிலேயே கேட்கவைக்க வேண்டியதுதான். கூண்டுக்குள் இருந்த போனின் வயர் மூலைக் கம்ப்யூட்டர் வரை எட்டவில்லை. அதனால்தான் அன்வர் பாய் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டுக்குள் வைத்தார்.

மழை கேட்டவர்

நான் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, யசோதரா அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி நம் ஊர் மணி மாதிரி இல்லை. நீளமாக ஒன்று, அப்புறம் பெரிய மௌனம், அப்புறம் இன்னொன்று.

"குட் மார்னிங் சார். திஸ் இஸ் யசோதரா ஃப்ரம் பேங்களூர்."

எங்களோடு சண்டை போடுகிறவள் போய்விட்டாள். கம்பெனிக் குரல் கூண்டை நிறைத்தது. கதவைப் பாதி திறந்து வைத்திருந்தோம். அவர் பேசுவதைக் கேட்டு, "ஹோல்ட் ப்ளீஸ்," என்று சொல்லி, வாய்ப்பக்கத்தைக் கையால் மூடி, எங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஹங்கேரியில் ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே லைனில் காக்க வைத்தாள்.

"தெனமும் காலைல வர்றது நீங்களான்னு கேக்கறாரு."

 ஆமாம் என்று சொல்லிவிடு யசோ என்று நினைத்தேன். சொல்லாதே என்றும் நினைத்தேன்.

அவள் போனுக்குத் திரும்பினாள். நிதானமான இங்கிலீஷில், எனக்கும் புரிகிற வேகத்தில் சொன்னாள். "இல்லை சார். அது எங்கள் சேகர். எதையும் போய்ப் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்கு ஆகாது. உங்கள் பறவை இருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். அதன் பேச்சைக் கேட்பது நான். உங்கள் பக்கத்துக்கு நான் ஒரு தடவையும் வந்ததில்லை."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மழை மட்டும். பத்மா அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஹோல்ட் ப்ளீஸ்," என்றாள் யசோதரா. "சேகரு, ஞாயித்துக்கெழமைலயும் ஏன் வந்தீங்கன்னு கேக்கறாரு."

"ஞாயித்துக்கெழம மட்டும் இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றேன். நிஜமாகவே அதுதான் காரணம்.

அவள் அதைச் சொன்னாள். ரிசீவரிலிருந்து வந்த சத்தம் வெளியில் நின்ற எங்களுக்கே கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. ரொம்ப நேரம் சிரித்தார்.

"அப்படின்னா ரெண்டு பேருன்றாரு," என்றாள் யசோதரா. அவள் கம்பெனிக் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. "ஒருத்தர்னு நெனச்சேன், ரெண்டு பேர்ன்றாரு."

பிறகு ரிசீவரை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தாள். இன்னொரு கையால் நம்பர்களைத் தட்டினாள். ரீகோ படித்தது. நாலு, ஒன்று, விக்கல். இரண்டு, ஆறு, விக்கல். தான் எழுதிய பறவை பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் திக்குவதை யானோஷ் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி என்றார். மெதுவாக என்றார். மறுபடி என்றார்.

அப்புறம் வேறு என்னவோ கேட்டார்.

"பின்னாடி இன்னொரு சத்தம் கேக்குதே, அதும் ரீகோவான்றாரு. மழைன்னு சொன்னேன். அதக் கொஞ்சம் கேக்கலாமான்றாரு."

கதவை முழுக்கத் திறந்து, வயர் எட்டும் மட்டும் ரிசீவரை வெளியே நீட்டினாள். பெயர்ப் பலகையிலும், எதிர்வீட்டுத் தகரத்திலும், சாக்கடை மூடியிலும் மழை தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் போயிற்று. வெளிநாட்டுக்குப் பேசுகிற கட்டணத்தில் ஒருவர் மழை கேட்கிறார். மீட்டரைப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் பத்மா அக்கா கைத்துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டுவிட்டார்.

"பாக்காத. பாத்தா நீ பேச்ச நிறுத்துவே."

வாசலில் நின்ற பெரியவருக்குத் தாங்கவில்லை. "யாரு ஃபோன்னல்லி?" என்றார்.

"ஃபாரின்னவரு. மளெ கேள்தா இதாரெ," என்றார் அக்கா, வெளிநாட்டுக்காரர் மழை கேட்கிறார் என்று.

பெரியவர் யோசித்தார். "அல்லி மளெ இல்வா?"

அங்கே மழை இல்லையா என்று அவர் கேட்டது கிண்டலுக்கு இல்லை. பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். நாங்கள் நான்கு பேரும் ஒரு பெரியவரும் ஒரு ரிசீவரும் சேர்ந்து சும்மா மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கே கவலை கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

யானோஷ் சொன்ன கடைசி விஷயத்தை யசோதரா எங்களுக்கு இப்படிச் சொன்னாள்: "ரீகோ பேசி முடிக்கறதுக்குள்ளயே அந்த போர்டு வாய மூடிடுதாம். முடிக்கற வரைக்கும் மூடாதேன்னு சொல்லணுமாம். சொல்லிடறேன்றாரு."

முழு நம்பர்

தசராவுக்கு முன்பே புதுப் பதிப்பு வந்தது. கூடவே யானோஷின் குறிப்பு: "எண்களை இனி கடைசி வரை சொல்லும். பெங்களூரில் உள்ள இரண்டு பேருக்காக." பட்டியலில் பதிப்பு எண்ணைத் திருத்தினேன். புது முகவரியைப் போட்டேன். தேதி போட்டேன். சரியாகப் போட்டேனா என்று பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

கம்பெனியில் அவளை வைத்துப் பார்த்த நாளன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து யசோதரா இறங்கினாள். நான் முனையிலேயே நின்றிருந்தேன்.

"இன்சார்ஜ் ஆளுங்க பேரா கேட்டுக்கினே இருந்தாரு. நான் போட்டுக்கினே இருந்தேன். முழு நம்பர் சொன்னான்டா சேகரு, ஒவ்வொண்ணும் முழுசா சொன்னான். எடத்துல உக்காருமான்னுட்டாங்க."

"டீ வாங்கிக் குடுத்தாங்களா?"

"இல்ல," என்றாள். வாய் கொள்ளாச் சிரிப்பு.

யானோஷ் பக்கத்தை மூடவில்லை. கார்த்தியும் ஒரு நகலை வேறு இடத்தில் எடுத்து வைத்தான். நான் காலையில் போய்ப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்திருந்தது: "வரவில்லையே. உடம்பு நலமா?"

அந்த மாதச் சம்பளத்தோடு யசோதரா நேராகக் கடைக்கு வந்து, போன் கட்டணத்தை மேஜை மேல் வைத்தாள். பத்மா அக்கா எடுக்கவில்லை. தனக்குப் பிடித்த வாடிக்கைக்காரர்களின் கணக்கை முழுக்கத் தீர்க்க விடமாட்டார் அவர். கணக்குத் தீர்ந்தால் ஆள் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"எடுத்துக்கினு போடி. பாக்கி நிக்கற வரைக்கும் உன் வேலையும் நெலைக்கும். என்னிக்கு உன்ன வேலைய விட்டு அனுப்பறாங்களோ, அன்னிக்கு வந்து குடு."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் யசோதரா பணத்தோடு போவாள். பொரியும் சுண்டலும் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். எல்லார் கையிலும் மொபைல் வந்தது. கூண்டைப் பிரித்து விற்றார்கள். அக்கா ஓசூரில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அங்கேயும் இவள் விடாமல் போய், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

யசோதரா இன்னும் அதே கம்பெனியில் இருக்கிறாள். போன வாரம் அக்காவிடம் பேசினேன். தொகை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ரசீதே இருக்கிறதாம். பாக்கி, ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய்.